மிடறு மிடறாகக் குடிக்க ஒரு கோன்யாக்: முதல் பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

டூட்டி ஃப்ரீ கடையில் நின்றுகொண்டு நண்பர்கள் எனக்கு அனுப்பும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அலமாரி நிறைய பாட்டில்கள், கீழே ஒரு கேள்வி: "இதுல எது வாங்கலாம்? போர்டிங் ஆரம்பிச்சுட்டான்." அந்த அவசரத்தில் நான் சொன்ன பதில்களில் பாதி தப்பாகத்தான் போயிருக்கிறது. பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை நான்கைந்து இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து அலமாரியிலிருந்து ஆரம்பித்தால், பெட்டி எது அழகோ அதைத்தான் கை எடுக்கும்.

கோன்யாக் என்பது பிரான்சில் திராட்சை ஒயினை வடித்துச் செய்யும் ஒரு பிராந்தி. அதில் 30 மில்லியை எதுவும் கலக்காமல் ஊற்றிக்கொண்டு, அதையே ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஏற்கெனவே குடிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

1. எப்படிக் குடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கோன்யாக்கில் எல்லாப் பாட்டில்களும் ராவாகக் குடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வி.எஸ். என்ற இளம் ரகத்தைப் பல நிறுவனங்கள் சோடாவோடும் ஜிஞ்சர் ஏலோடும் கலந்து குடிப்பதை மனதில் வைத்தே தயாரிக்கின்றன. அதைத் தனியாகக் குடித்துவிட்டு "காட்டமா இருக்கே, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டால் தப்பு பாட்டில் மீது இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். எக்ஸ்.ஓ. என்ற வயதான ரகத்துப் பாட்டிலைத் திறந்து கோலாவில் ஊற்றியதை நேரில் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் மரப்பீப்பாயில் இருந்து சேர்ந்த மணத்தைக் கோலாவின் சர்க்கரை ஒரே நொடியில் மூடிவிடும். கலந்துதான் குடிப்பேன் என்றால் வி.எஸ். போதும், மீதிப் பணத்துக்கு நல்ல சாப்பாடு சாப்பிடலாம். ராவாகத்தான் என்றால் மேலே படியுங்கள்.

2. பணத்துக்கு வரம்பு போடுங்கள், முதல் பாட்டிலைச் சின்னதாக நினையுங்கள்

ஒரே நிறுவனத்தின் எக்ஸ்.ஓ. பெரும்பாலும் வி.எஸ்.ஓ.பி. என்ற அதன் நடு ரகத்தைப் போலப் பல மடங்கு விலை இருக்கும். சுவை அதே மடங்கில் உயராது. அதோடு, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் மூக்கு முதல் பாட்டிலின்போது யாருக்கும் இருப்பதில்லை. எனக்கும் இல்லை.

அதனால் முதல் பாட்டில் வி.எஸ்.ஓ.பி.யாக இருக்கட்டும். 5 சென்டிலிட்டர் மினியேச்சரோ 35 சென்டிலிட்டர் அரைப் பாட்டிலோ கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு முழு பாட்டிலுக்குப் பதில் மூன்று நான்கு மினியேச்சர்கள் வாங்கினால், எது பிடிக்கும் என்பதை ஒரே வாரத்தில் தெரிந்துகொள்வீர்கள்.

3. லேபிளில் முதலில் தேட வேண்டிய சொல்

வயது, விருது, பெட்டி எல்லாம் அப்புறம். அது கோன்யாக்கா, வெறும் பிராந்தியா? இதை முதலில் பாருங்கள், ஏனென்றால் மற்ற எழுத்துகளின் அர்த்தம் இதைப் பொறுத்தே மாறுகிறது.

பிராந்தி என்பது பொதுப் பெயர். கோன்யாக் என்பது பிரான்சின் தென்மேற்கில் ஷாரான்த், ஷாரான்த் மாரிடீம் மாவட்டங்களைச் சுற்றிய வட்டாரத்தில், சட்டம் சொன்ன முறைப்படி செய்தது மட்டும். பெரும்பாலும் உக்னி பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைதான். அதிலிருந்து வரும் ஒயின் புளிப்பு மிகுந்தது, ஆல்கஹால் குறைந்தது, அப்படியே குடிக்க ரசிக்காது. ஆனால் வடிப்பதற்கு அந்தப் புளிப்புதான் வேண்டும், ஒயினைக் கெடாமல் வைத்திருப்பது அதுதான். செம்புப் பாத்திரத்தில் இரண்டு முறை வடிக்கிறார்கள். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31க்குள் வடித்து முடித்தாக வேண்டும். பிறகு ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு வருடம். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

புதிதாக வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன். வளைந்த பாட்டில், தங்க எழுத்து, "நெப்போலியன்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. கோன்யாக் என்று நினைத்து வாங்கி வந்தேன். வீட்டில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் "பிரெஞ்சு பிராந்தி" என்று கீழே சின்னதாக இருந்தது. பிரான்சில் செய்ததெல்லாம் கோன்யாக் ஆகாது. நெப்போலியன், வி.எஸ்.ஓ.பி., எக்ஸ்.ஓ. என்ற சொற்களை மற்ற பிராந்திகளும் போட்டுக்கொள்கின்றன. அங்கே அவற்றுக்குக் கோன்யாக் சட்டத்தின் காவல் கிடையாது.

நம் ஊர் பிராந்தியைக் குடித்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பிராந்தி என்று விற்பதில் பெரும்பாலானவை மொலாசஸிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுத்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் திராட்சை ஸ்பிரிட், எசன்ஸ், கேரமல் நிறம் சேர்த்தவை. பின் லேபிளைப் படித்தால் இது எழுதியே இருக்கும். இனிப்பாக, வழவழவென்று இறங்கும். அந்த நாக்கோடு கோன்யாக்கைத் தொட்டால் முதல் மிடறு புளிப்பாகவும் ஒல்லியாகவும் தெரியும். போலிச் சரக்கோ என்று பயப்பட வேண்டாம், திராட்சை அப்படித்தான் இருக்கும்.

4. வயதைச் சொல்லும் எழுத்துகள்

கோன்யாக் பெரும்பாலும் பல வருடத்துச் சரக்குகளின் கலவை. லேபிளில் உள்ள எழுத்து அந்தக் கலவையிலேயே இளையதன் வயதைச் சொல்கிறது. பந்தியில் உட்கார்ந்த நூறு பேரில் கடைக்குட்டியின் வயதை மட்டும் சொல்வது போல.

வி.எஸ். என்றால் இளையது குறைந்தது 2 வருடம். வி.எஸ்.ஓ.பி. 4 வருடம். நெப்போலியன் 6 வருடம். எக்ஸ்.ஓ. 10 வருடம். எக்ஸ்.எக்ஸ்.ஓ. 14 வருடம். "ஓர் தாஜ்" என்று இருந்தால் சட்டப்படி எக்ஸ்.ஓ.வுக்குச் சமம், ஆனால் தங்கள் எக்ஸ்.ஓ.வைவிட வயதானதற்குத்தான் பலர் அந்தப் பெயரை வைக்கிறார்கள். வயதைக் கணக்கிடுவது வடிப்புக் காலம் முடிந்த மறுநாள், அதாவது ஏப்ரல் 1 முதல்.

எக்ஸ்.ஓ.வில் ஒரு சிக்கல் உண்டு. 2018 ஏப்ரல் வரை அதற்கு 6 வருடமே போதுமாக இருந்தது. கடையின் மூலையில் தூசியோடு பழைய எக்ஸ்.ஓ. கிடைத்தால் உள்ளே இருப்பது கட்டாயம் 10 வருடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நல்ல நிறுவனங்கள் அப்போதும் அதைவிட வயதானதைத்தான் போட்டன. ஆனால் சட்டம் கேட்டது ஆறுதான்.

இந்த எழுத்துகளைத் தரம் என்று படிப்பதுதான் பெரிய தப்பு. இவை வயது மட்டுமே. மரத்தில் அதிக நாள் இருந்தால் திராட்சையின் பழ மணம் குறையும், கிராம்பு, வெனிலா, பதப்படுத்திய தோல், வாதுமை மாதிரியான மணங்கள் ஏறும். இன்னும் முதிர்ந்தால் பிரெஞ்சுக்காரர்கள் "ரான்சியோ" என்று சொல்லும் மணம் வரும். காய்ந்த காளான், வால்நட், பாட்டி வீட்டு மர அலமாரியைத் திறந்த வாசனை எல்லாம் கலந்தது. சிலருக்கு இது உயிர். என் மைத்துனருக்கு இது "ஈரச் சாக்கு". அவருக்கு எக்ஸ்.ஓ. வாங்கிக் கொடுப்பது வீண், நல்ல வி.எஸ்.ஓ.பி.யே அவருக்குச் சரி.

5. எந்த மண் என்று பாருங்கள்

கோன்யாக் வட்டாரத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். லேபிளில் பகுதியின் பெயர் இருந்தால், வயதைச் சொல்லும் எழுத்தைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கிரான்ட் ஷாம்பேன் சுண்ணாம்பு மண். அங்கே விளைவது மெதுவாக முதிரும், இளமையில் முறைத்துக்கொண்டு இருக்கும், பல வருடம் கழித்து மெல்லியதாக, நீளமாக வாயில் நிற்கும். பெத்தித் ஷாம்பேன் அதன் தம்பி. போர்தெரி ஆறிலும் மிகச் சின்னது, பூ வாசனைக்குப் பேர் போனது. ஃபேன் புவா சீக்கிரம் முதிர்ந்து உருண்டையான பழச்சுவை தரும். போன் புவா, புவா ஓர்தினேர் என்ற மீதி இரண்டின் பெயரை லேபிளில் அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள்.

"ஷாம்பேன்" என்று பார்த்ததும் நுரைக்கும் ஒயின் கலந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. சம்பந்தமே இல்லை, வெட்டவெளி நிலத்தைக் குறிக்கும் பழைய சொல் அது. "ஃபீன் ஷாம்பேன்" என்று போட்டிருந்தால் கிரான்ட், பெத்தித் இரண்டையும் மட்டும் கலந்தது, அதில் பாதியாவது கிரான்ட் ஷாம்பேன் என்று அர்த்தம்.

கடையில் கிடைக்கும் பெயர்களோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ரெமி மார்ட்டின் வி.எஸ்.ஓ.பி. ஃபீன் ஷாம்பேன். ஒயினின் மண்டியோடு சேர்த்து வடிப்பார்கள், அதனால் கொஞ்சம் கனமாக இருக்கும். மார்ட்டெல் மண்டியை நீக்கிவிட்டுத் தெளிந்த ஒயினை வடிப்பவர்கள், சுத்தமாக, லேசாக இருக்கும். அவர்களுடைய கோர்டோன் புளூவில் போர்தெரியின் பங்கு அதிகம். கமு நிறுவனம் போர்தெரியை மட்டுமே வைத்துத் தனிப் பாட்டில் போடுகிறது. ஃப்ராப்பின், டெலமேன் இரண்டும் கிரான்ட் ஷாம்பேன்.

கேட்பவர்களிடம் நான் சொல்வது: கிடைத்தால் ஃபீன் ஷாம்பேன் வி.எஸ்.ஓ.பி.யில் ஆரம்பியுங்கள். கனமும் இருக்கும், பழமும் இருக்கும், எந்தப் பக்கம் போவது என்று அடுத்த பாட்டிலில் தீர்மானிக்கலாம்.

6. நிறத்தையும் பெட்டியையும் நம்பாதீர்கள்

கரும்பழுப்பாக இருந்தால் வயது அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். கோன்யாக்கில் கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கொஞ்சம் சர்க்கரையும், ஓக் சீவல்களைக் கொதிக்கவைத்து எடுத்த "புவாசே" என்ற சாறும் சேர்க்கலாம். இதை லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயம் பல நாடுகளில் இல்லை. பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் மாறாமல் இருக்கவே பெரும்பாலும் சேர்க்கிறார்கள் என்பதால் அதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. கோப்பைச் சுவரில் எண்ணெய் போல் வழியும் கோடுகளைக் காட்டி "பாத்தியா, ஒரிஜினல்" என்பவர்களையும் விட்டுவிடுங்கள், ஆல்கஹால் அதிகம் உள்ள எதிலும் அது வரும்.

படிகக் குப்பி, வெல்வெட் பெட்டி எல்லாம் பரிசு கொடுக்கத்தான். கொடுக்கிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். நீங்களே குடிப்பதற்கு என்றால் அந்தக் கண்ணாடிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

7. ருசித்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் அல்ல

பலர் இந்தப் படியைத் தாவிவிடுகிறார்கள். தனியாக ஒன்றைக் குடித்தால் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது. இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்றுக்கு ஒன்று என்ன வித்தியாசம் என்று நாக்குக்குத் தெரியும். மினியேச்சர்களை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு நண்பர்களோடு பங்கு போடுங்கள்.

முன்னதாகத் தேவை: ஆளுக்கு மூன்று சின்னக் கோப்பைகள், குடிதண்ணீர், உப்பில்லாத முந்திரி. கோப்பையின் வாய் உள்பக்கம் குறுகி இருக்க வேண்டும், டூலிப் பூ மாதிரி. மணம் கலையாமல் மூக்குக்கு வரும். சினிமாவில் வரும் பெரிய பலூன் கோப்பையில் ஆல்கஹால் நெடிதான் முதலில் முகத்தில் அடிக்கும். டூலிப் இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும்.

ஊறுகாய், மிக்சர், மிளகு வறுவல் எதுவும் கூடாது. சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் மிளகாய் பட்ட நாக்கில் 40 சதவீத ஆல்கஹால் எரிச்சலாக மட்டுமே தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்காருங்கள். ஊதுபத்தியும் சென்டும் அந்த அறையில் வேண்டாம்.

வெப்பநிலை முக்கியம். "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்று புத்தகங்கள் சொல்வது பிரெஞ்சு வீட்டு அறையை, 18லிருந்து 20 டிகிரி. மே மாதச் சென்னையில் அறையே 34 இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மற்ற மணங்களை அமுக்கிவிடும். பாட்டிலை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, லேசாகக் குளிர்ந்ததும் எடுத்தால் சரியாக இருக்கும். மெழுகுவர்த்தியில் கோப்பையைச் சூடாக்கும் வித்தையும் இதே காரணத்தால் தப்பு.

இளையதில் தொடங்கி மூத்ததில் முடியுங்கள். முதலில் எக்ஸ்.ஓ. குடித்துவிட்டால் பிறகு வி.எஸ்.ஓ.பி. கரடுமுரடாகத் தெரியும், பாவம், அதன் மேல் தப்பில்லை.

ஒவ்வொன்றிலும் 15 மில்லி மட்டும் ஊற்றி ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். முதலில் கோப்பையை முகவாய்க்கட்டை உயரத்தில் பிடித்து முகருங்கள், பிறகு மெல்ல மேலே கொண்டுவாருங்கள். மூக்கைக் கோப்பைக்குள் விட்டால் நெடி ஏறி, அடுத்த சில நிமிடம் மூக்கு எதற்கும் உதவாது. வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தால் குறைவாகக் கடிக்கும்.

முதல் மிடறு நாக்கை நனைக்க மட்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டாவது மிடற்றை வாய்க்குள் நான்கைந்து நொடி சுழற்றி விழுங்குங்கள். விழுங்கியபின் என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். தொண்டைச் சூடு மட்டும் மிஞ்சினால் இளமை, அல்லது வடிப்பில் கோளாறு. உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், கிராம்பு என்று ஏதாவது ஒரு நிமிடமாவது நின்றால் அது நல்ல சரக்கு. மூன்றாவது மிடற்றுக்கு முன் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சில கோன்யாக்குகள் அப்போதுதான் வாய் திறக்கும். தண்ணீர் விட்டதும் சுவை உடைந்து தட்டையாகிவிட்டால் அந்தப் பாட்டிலை இரண்டாம் முறை வாங்க மாட்டேன்.

கோப்பையின் அடியில் எண் ஒட்டி, எது எது என்று தெரியாமல் குடித்தால் இன்னும் நல்லது. எங்கள் வட்டத்தில் இப்படிச் செய்தபோது, விலை அதிகமானதை நான் கடைசியில் வைத்தேன். அன்றோடு விலையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். இப்படிக் குடித்த அன்றைக்கு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள், அளவு சின்னது என்பதால் கணக்கு மறந்துபோகும்.

8. கோன்யாக் ஒத்துவரவில்லையா?

மூன்றையும் குடித்துப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

"மெலிசா இருக்கு, இன்னும் ஏதாவது வேணும்" என்று தோன்றினால் ஆர்மன்யாக். கோன்யாக்குக்குத் தெற்கே கஸ்கோனி வட்டாரத்தில் செய்யும் பிரெஞ்சு பிராந்தி. பெரும்பாலும் ஒரே முறை, தொடர் வடிகலத்தில் வடிப்பதால் கரடான மணங்களும் தங்கிவிடும், உலர்ந்த பிளம் பழ வாசனை தூக்கலாக இருக்கும். ஒரே வருடத்துச் சரக்கைத் தனியாகப் போடும் வழக்கம் அங்கே அதிகம். அப்படி வாங்கினால் அறுவடை வருடத்தோடு பாட்டிலில் அடைத்த தேதியையும் பாருங்கள், இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் உண்மையான வயது. அதே காசுக்குக் கோன்யாக்கைவிட வயதானது கிடைக்கும்.

"இனிப்பு போதல" என்றால் ஸ்பெயினின் பிராந்தி தெ ஹெரெஸ். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் முதிர்வதால் கிஸ்மிஸ், பேரீச்சை, வெல்லப்பாகு என்று வரும். சொலேரா, சொலேரா ரிசர்வா, சொலேரா கிரான் ரிசர்வா என்று மூன்று படி, கடைசியதை வாங்குங்கள். நம் ஊர் பிராந்தியிலிருந்து நேராக வருபவர்களுக்குக் கோன்யாக்கைவிட இதுதான் சுலபமான படிக்கட்டு. கார்தெனால் மெந்தோசா என்ற பிராண்ட் கிடைத்தால் பாருங்கள்.

9. வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து இந்தியா வரும்போது ஒருவர் 2 லிட்டர் வரை சுங்கவரியில்லாமல் கொண்டுவரலாம். டூட்டி ஃப்ரீயில் 1 லிட்டர் பாட்டிலும் 70 சென்டிலிட்டர் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், லிட்டர் கணக்கில் விலையை ஒப்பிடுங்கள். இறங்கும் விமான நிலையத்தில் கடை இருந்தால் அங்கேயே வாங்குவது நிம்மதி. வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் கடைக்காரர் சீல் வைத்துத் தரும் பையைப் பிரிக்காதீர்கள், பில்லும் உள்ளேயே இருக்கட்டும். பையைப் பிரித்துப் படம் எடுத்துவிட்டு, அடுத்த பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலைத் தொட்டியில் போட்டவரை எனக்குத் தெரியும்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் கழுத்தைப் பாருங்கள். சரக்கின் மட்டம் பக்கத்துப் பாட்டிலைவிடக் குறைந்திருந்தாலோ சீல் தளர்ந்திருந்தாலோ வேறொன்றை எடுங்கள். வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் மாதக்கணக்கில் நின்றதும் வேண்டாம்.

10. வீட்டுக்கு வந்தபின்

நிற்கவைத்தே வையுங்கள். ஒயின் பாட்டிலைப் போலப் படுக்கவைத்தால் இந்த ஆல்கஹால் கார்க்கை அரித்து, அந்த வாடை உள்ளே இறங்கும். வெயில் படாத, அடுப்புச் சூடு வராத அலமாரி போதும்.

கண்ணாடிக்குள் வந்தபின் கோன்யாக்குக்கு வயது ஏறாது, மரத்தில் இருக்கும்வரைதான் ஏறும். என் சித்தப்பா பீரோவில் துணிகளுக்கு நடுவே இருபது வருடமாக ஒரு வி.எஸ். வைத்திருந்தார், பேரன் கல்யாணத்துக்குத் திறப்பதாக. திறந்தபோதும் அது வி.எஸ்.தான், கார்க் மட்டும் கையோடு உடைந்து வந்தது. வடிகட்டிக் குடித்தோம்.

திறந்தபின் பாட்டிலுக்குள் காற்று சேரச் சேர மணம் போய்க்கொண்டே இருக்கும். பாதி வரை அவசரமில்லை, சில மாதம் தாங்கும். கால்வாசிக்கு இறங்கியதும் கழுவிக் காயவைத்த சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குக் கழுத்து வரை நிரம்பும்படி மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஊறுகாய் கேட்காத இரண்டு பேரைக் கூப்பிட்டு முடித்துவிடுங்கள்.